பெட்டி அசல், பொம்மை போலி: ஒரு லபுபுவை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2025 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கும் அக்காள் மகள் ஒரு சிறிய அட்டைப்பெட்டியையும் அதிலிருந்து எடுத்த பச்சை நிற லபுபு பொம்மையையும் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, "மாமா, இது அசல்தானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் 68 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து, மறுவிற்பனைத் தளம் ஒன்றில் தனிநபர் ஒருவரிடமிருந்து அவள் அதை வாங்கியிருந்தாள். பிரித்த நேரத்திலிருந்து ஏதோ ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. எது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பொதிபெட்டிகள் அச்சிடும் அச்சகம் ஒன்றில் தரச்சோதனைப் பிரிவில் பல ஆண்டுகளாக நான் வேலை பார்ப்பதால், பெட்டியைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவள் நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அன்று மாலை நான் சொன்ன முதல் விடை தவறு. அது ஏன் தவறாயிற்று, சரியான விடைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைப் படிப்படியாக எழுதி வைப்பது, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்று கருதுகிறேன்.

பின்னணி

லபுபுவை உருவாக்கியவர் ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லுங். வட ஐரோப்பியப் பழங்கதைகளின் சாயலில் 2015-இல் அவர் படைத்த 'தி மான்ஸ்டர்ஸ்' உலகில், நீண்ட காதுகளும் வரிசைப் பற்களும் கொண்ட குறும்புக்காரக் குட்டியாக லபுபு வந்தது. பெய்ஜிங்கில் 2010-இல் தொடங்கப்பட்ட பாப் மார்ட் நிறுவனம் 2019-இல் உரிமம் பெற்று அதைப் பொம்மையாக விற்கத் தொடங்கியது. முகம் வினைலாலும் உடல் மயிர்த்துணியாலும் ஆன, கைப்பையில் மாட்டிக்கொள்ளும் தொங்கல் வடிவம் 2023 அக்டோபரில் வெளிவந்தது. 2024 ஏப்ரலில் கொரிய பாப் இசைக்குழுவான பிளாக்பிங்க்கின் பாடகி லிசா அதை ஊரறியச் செய்த பிறகு, கிடைப்பதைவிடத் தேடுபவர்கள் பல மடங்கு பெருகினர். 2025 மே மாதத்தில் பிரிட்டனில் வாடிக்கையாளர்களிடையே கைகலப்பு ஏற்பட்டதால் கடைகளில் லபுபு விற்பனையையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் பெய்ஜிங் ஏலம் ஒன்றில் ஆள் உயர லபுபு ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குப் போனது. இத்தனை தேவை இருக்கும் பொருளுக்குப் போலி வராமல் இருந்தால்தான் வியப்பு. அந்தப் போலிகளுக்கு 'லஃபுஃபு' என்று தனிப்பெயரே நிலைத்துவிட்டது.

எங்கள் கையில் இருந்தது 2025 ஏப்ரலில் வெளியான 'பிக் இன்டு எனர்ஜி' தொடர். அதில் வழக்கமான வடிவங்கள் ஆறு, அரிய 'சீக்ரெட்' வடிவம் ஒன்று. சீக்ரெட் கிடைக்கும் வாய்ப்பு 72-இல் 1. சீனாவில் ஒரு பெட்டியின் கடை விலை அப்போது 99 யுவான். பிளைண்ட் பாக்ஸ் என்னும் இந்த மர்மப்பெட்டியைப் பிரிக்கும்வரை உள்ளே இருப்பது எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. போலி செய்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. மூடிய பெட்டி என்றால் வாங்குபவர் பொம்மையைத் தொட்டுப் பார்க்க முடியாது. பிரித்த பெட்டி என்றால் உள்ளிருப்பது அந்தப் பெட்டிக்கு உரியதுதானா என்று உறுதிசெய்ய முடியாது.

முதல் சோதனை: பெட்டி

பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறை விளக்கின் கீழ் நின்றேன். போலிப் பெட்டி பெரும்பாலும் அச்சிலேயே மாட்டிக்கொள்ளும் என்பது என் தொழில் அனுபவம். அசல் பெட்டியை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடும்போது, வடிவமைப்புக் கோப்பிலிருந்து நேரடியாகக் கூர்மையாக அச்சாக வேண்டிய சிறு எழுத்துகளும் புள்ளிகளாக உடைந்துவிடும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால், கறுப்பு எழுத்தின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் பொடிப்புள்ளிகள் சிதறியிருக்கும். அட்டையின் மேற்பூச்சும் பளபளப்பாக, நிறங்கள் அளவுக்கு மீறி அடர்த்தியாக இருக்கும். என் முன்னால் இருந்த பெட்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எச்சரிக்கை வாசகங்களின் மிகச் சிறிய எழுத்துகளும் ஒற்றைக் கறுப்பில் கூர்மையாக நின்றன. மடிப்புக் கோடுகளில் மை வெடிக்கவில்லை. பூச்சு, தொட்டால் லேசாக வழுக்கும் மங்கல் பூச்சாக இருந்தது.

அடுத்து, பெட்டியில் ஒட்டியிருந்த சரிபார்ப்பு வில்லை (ஸ்டிக்கர்). நிறம் மாறி மின்னும் ஹோலோகிராம் பகுதியும், கியூஆர் குறியும், சுரண்டிப் பார்க்கும் பட்டையும் அதில் இருந்தன. அக்காள் மகள் அதை ஏற்கெனவே சுரண்டி, ஸ்கேன் செய்து பார்த்திருந்தாள். முதல்முறையாகச் சரிபார்க்கப்படும் அசல் குறி என்று விடை வந்திருந்தது. இங்கேயும் ஏமாற இடமுண்டு. வில்லையே போலியானால், நிறுவனத்தின் பக்கத்தைப் போலவே தோற்றம் கொண்ட போலிப் பக்கத்துக்குக் குறி கொண்டு போகும்; எதை ஸ்கேன் செய்தாலும் அந்தப் பக்கம் 'அசல்' என்றே சொல்லும். ஆகவே பச்சை நிற 'சரி' அடையாளத்தைப் பார்த்து நிறைவடையாமல், கைபேசியின் மேற்பகுதியில் தெரியும் இணைய முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அது வேறு இடம். நாங்கள் படித்தோம். முகவரி சரியாக இருந்தது.

அட்டை சரி, அச்சு சரி, குறி சரி. "அசல்தான், கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் தெளியவில்லை. சற்று நேரம் கழித்து, "பெட்டி அசல்னு சொல்றீங்க மாமா, பொம்மையைப் பார்க்கவே இல்லையே" என்றாள். இந்த ஆய்வில் திருப்பம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த வாக்கியம்தான். ஒரு மணி நேரமாக நான் ஆராய்ந்தது எனக்குப் பழக்கமான பொருளை. அவள் கேட்டதோ வேறொரு பொருளைப் பற்றி. கியூஆர் குறி ஒட்டப்பட்டிருப்பது பெட்டியில். அது சான்று சொல்வதும் பெட்டிக்கு மட்டுமே.

இரண்டாம் சோதனை: பிரித்த காணொளி

அவள் பெட்டியைப் பிரிப்பதை அவள் தம்பி வழக்கம்போலக் கைபேசியில் பதிவு செய்திருந்தான். அந்த இரண்டு நிமிடக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பெட்டியின் மூடி எளிதாகவே திறந்தது. இப்போது பெட்டியின் மூடி மடிப்பை விரித்து, சாய்வாக வெளிச்சம் பட வைத்தேன். பசை இரண்டு முறை போடப்பட்டிருந்தது. முதல் பசை இழுத்துக்கொண்டு போன காகித நார்கள் ஒரு மெல்லிய வெள்ளைப் பட்டையாகக் கிழிந்திருக்க, அதன் மேலேயே கண்ணாடிபோல் காய்ந்த இன்னொரு பசை தடவப்பட்டிருந்தது. ஆலையில் இயந்திரம் ஒட்டும் பசை ஒரே அகலத்தில், ஒரே இடத்தில் விழும். இது விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. பெட்டியை ஆராய்ந்த முதல் ஒரு மணி நேரத்தில் வெளிப்புறத்தை மட்டுமே பார்த்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

காணொளியில் தெரிந்த வெள்ளி நிற உள்பை இன்னும் தெளிவாகப் பேசியது. நல்லவேளையாக அவள் அதைத் தூக்கி எறியவில்லை. பையின் ஒரு முனையில், சூட்டில் அழுத்தி ஒட்டிய வரிகள் நேராக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் இருந்தன. மறுமுனையில் அதே போன்ற வரிகளுக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக, வீட்டில் நொறுக்குத்தீனிப் பைகளை ஒட்டப் பயன்படும் சிறு கருவி போடும் ஒற்றைத் தடித்த கோடு ஓடியது. யாரோ இந்தப் பையை ஒருமுறை திறந்திருக்கிறார்கள். பிறகு மூடியிருக்கிறார்கள்.

மூன்றாம் சோதனை: பொம்மை

மறு திங்கட்கிழமை, பாப் மார்ட் கடையிலேயே நேரில் வாங்கி ரசீதும் வைத்திருக்கும் சக ஊழியை ஒருவர், அதே தொடரைச் சேர்ந்த தன் பொம்மையை ஒரு மதிய உணவு நேரத்துக்குக் கடனாகக் கொடுத்தார். ஒப்பிட அசல் ஒன்று அருகில் இல்லாமல் படங்களை மட்டும் வைத்து முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் புரிந்தது. திரையில் நிறம் மாறும், படமெடுத்த விளக்கும் மாறும்.

பரவலாகச் சொல்லப்படும் முதல் அடையாளம் பற்கள். அசல் லபுபுவுக்குச் சரியாக ஒன்பது பற்கள். எங்கள் பொம்மைக்கும் ஒன்பது இருந்தன. இந்த விதி ஊரெல்லாம் பரவிவிட்டதால் போலி செய்பவர்களும் எண்ணிக்கையைத் திருத்திக்கொண்டுவிட்டார்கள். பல் எண்ணிக்கை தவறாக இருந்தால் பொம்மை போலி என்று உறுதியாகச் சொல்லலாம். சரியாக இருந்தால் அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய இயலாது. லென்ஸின் கீழ் பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. அசலில் ஒவ்வொரு பல்லின் வெள்ளை நிறமும் தன் வரம்புக்குள் நின்றது. எங்களுடையதில் நான்காம் பல்லின் வெள்ளை கீழே உதட்டுக்குள் ஒரு மயிரிழை அளவு கசிந்திருந்தது. கடைசி இரண்டு பற்களின் முனைகள் கூராக இல்லாமல் மழுங்கியிருந்தன.

புதிய பதிப்புகளில் ஒரு பாதத்தில், புறஊதா விளக்கில் மட்டும் தெரியும் முத்திரை உண்டு. பணத்தாள்களைச் சோதிக்கும் சிறு விளக்கே இதற்குப் போதும். எங்கள் பொம்மையின் பாதத்திலும் முத்திரை மின்னியது. ஆனால் அசல் பாதத்தில் அந்த இடம் சாதாரண வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரியவில்லை. எங்களுடையதில், சன்னலோரம் பிடித்துச் சாய்த்தபோது, மைக்கறை போன்ற மஞ்சள் நிழல் கண்ணுக்கே தெரிந்தது. பாதத்தில் பொறித்திருந்த நிறுவனப் பெயரில் இதைவிடத் தெளிவான சான்று இருந்தது. அசலில் எழுத்துகளின் ஓரங்கள் நகத்தில் தட்டுப்படும் அளவு கூர்மையானவை. எங்களுடையதில் வட்ட எழுத்துகளின் உட்குழி பாதி தூர்ந்திருந்தது. அசல் பொம்மையையே அச்சாக வைத்து வார்ப்பெடுத்தால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு படிக்கும் நுண்விவரம் கரைந்துகொண்டே போகும்.

முகத்தின் நிறத்தைச் சொற்களில் விளக்குவது எளிதல்ல. அசலின் முகம் வெளிர் பீச் நிறத்தில், ஒளியை விழுங்கும் மங்கலோடு இருந்தது. எங்களுடையது ஒரு சாயல் சிவந்து, நெற்றியில் விளக்கின் ஒளி வெள்ளைப் புள்ளியாகத் திரும்பி வந்தது. மயிர்த்துணியை வாயால் ஊதிப் பார்த்தபோது அசலில் மயிர் பிரிந்து மீண்டும் கூடியது. எங்களுடையதில் அடித்துணியின் நெசவு தெரிந்தது. காதோரத் தையலில் நூல் முடிச்சு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் தராசில் நிறுத்தும் பார்த்தோம், எடை மாறுபட்டது. ஆனால் பஞ்சு அடைக்கும் அளவில் அசல்களுக்குள்ளேயே வேறுபாடு இருக்கலாம் என்பதால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

பைக்குள் முகம் வைத்து நுகர்ந்தால் புது மழைக்காலணியின் நெடி வந்தது. நெடி மட்டும் எதையும் நிரூபிக்காது என்று அறிவேன். ஆயினும் மேற்சொன்ன எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது எங்கள் முடிவு ஒன்றே: பெட்டியும் வில்லையும் பாப் மார்ட்டின் அசல், உள்ளே இருந்த பொம்மை போலி.

அசல் பெட்டி எங்கிருந்து வந்தது

மர்மப்பெட்டிகளைக் கடையில் வாங்குபவர்களில் பலர் பிரித்த உற்சாகத்தில் பொம்மையை எடுத்துக்கொண்டு பெட்டியை மறந்துவிடுகிறார்கள். கடையில் நேரடியாக வாங்கியவருக்குச் சரிபார்க்கும் தேவையும் இல்லாததால், சுரண்டும் பட்டை தொடப்படாமலேயே இருந்துவிடுகிறது. அத்தகைய காலிப் பெட்டிகள் மறுவிற்பனைத் தளங்களில் தனியாகவே விலைக்கு வருகின்றன. சேகரிப்பாளர்களுக்கு அவை அலமாரியில் அடுக்க வேண்டியவையாக இருக்கலாம். மோசடி செய்பவருக்கு அவை, 'முதல்முறைச் சரிபார்ப்பு' என்று சான்று சொல்லக் காத்திருக்கும் உறைகள். உள்ளே ஒரு லஃபுஃபுவை வைத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. இதே வழியின் இன்னொரு கிளையும் உண்டு: பெட்டியைக் கவனமாகத் திறந்து, விலையுயர்ந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, தன்னிடம் மிகையாக இருக்கும் மற்றோர் அசல் வடிவத்தை உள்ளே வைத்து மூடுவது. அதில் பொம்மையும் அசல், பெட்டியும் அசல். ஏமாற்று மட்டும் பசையில் இருக்கும்.

விற்றவரின் பக்கத்தை நாங்கள் வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டும், பிறகுதான் படித்தோம். அதே தொடரின் சீக்ரெட் வடிவம் பத்து உருப்படிகள் 'கையிருப்பில்' இருப்பதாக அவர் போட்டிருந்தார். 72-இல் 1 என்ற கணக்கில், பத்துச் சீக்ரெட்டுகள் கிடைக்கச் சராசரியாக 720 பெட்டிகளைப் பிரிக்க வேண்டும். சீனக் கடை விலையிலேயே அது 71,280 யுவான். ஒரு சீக்ரெட்டுக்குப் பின்னால் 7,128 யுவான் மதிப்புள்ள பெட்டிகள் நிற்கின்றன. மீதிப் பொம்மைகளை விற்றுப் பெரும்பகுதியை மீட்டுவிட முடியும் என்றே வைத்துக்கொண்டாலும், கடைகளில் வரிசையில் நின்றும் கிடைக்காத காலத்தில் 720 பெட்டிகளைத் தனிநபர் ஒருவர் எங்கே வாங்கினார் என்ற கேள்விக்கு விடை இல்லை. எந்த லென்ஸும் புறஊதா விளக்கும் தேவைப்படாத சோதனை இது. என் கருத்தில், எல்லாச் சோதனைகளிலும் முதலில் செய்ய வேண்டியதும் இதுவே.

மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீடு

அக்காள் வீட்டில் கடைக்குட்டிக்கு மூன்று வயது. பணம் போனது ஒருபுறம் இருக்க, எனக்கு உண்மையில் கோபம் வந்தது பொம்மையின் கையை மெல்ல இழுத்துப் பார்த்தபோதுதான். தையல் விட்டு, கை தோளோடு கழன்று என் விரல்களுக்கிடையே வந்துவிட்டது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் இந்தப் போலிகளைப் பற்றி அவசர எச்சரிக்கை வெளியிட்டது. சிறு குழந்தையின் வாய்க்குள் முழுதாக நுழைந்து மூச்சை அடைக்கும் அளவுக்குச் சிறிய போலிகளும், எளிதில் உடையும் பாகங்களும் உண்டு என்பதே அதன் காரணம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான பொம்மைகளிலிருந்து கழலும் பாகங்களை அளக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோதனை உருளை பயன்படுகிறது; அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியதாகவே கருதப்படும். எங்கள் கையில் கழன்று வந்த கையின் குறுக்களவு அளவுகோலில் அதைவிட மிகக் குறைவு.

அசல் பெட்டியிலேயே 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றுதான் அச்சிட்டிருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அசலும் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பொம்மை அன்று. ஆனால் அசலுக்குப் பின்னால் பொறுப்பேற்கும் ஒரு நிறுவனமும் முகவரியும் இருக்கின்றன. போலியில் வினைலை மென்மையாக்க எந்த வேதிப்பொருளைக் கலந்தார்கள் என்று கேட்க ஆளே இல்லை. சென்னையில் இருக்கும் உறவினர்கள் சாலையோரக் கடையில் சில நூறு ரூபாய்க்கு லபுபு வாங்கியதாகப் படம் அனுப்பும்போதெல்லாம் இப்போது நான் முதலில் கேட்பது ஐஎஸ்ஐ முத்திரையைப் பற்றி. இந்தியாவில் பொம்மைகளுக்கு அது 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். முத்திரை இல்லாத ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுக்கும் முன், வாங்கியவர் அதன் கண்ணையும் கையையும் ஒருமுறையாவது இழுத்துப் பார்க்கட்டும்.

முடிவு

சிங்கப்பூரில் பழுதான பொருளுக்கான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகர்களிடம் வாங்குவதற்கே பொருந்தும். தனிநபர் தனிநபருக்கு விற்பது அதன் கீழ் வராது. போலி வர்த்தக முத்திரையுள்ள பொருளை விற்பது குற்றம். 100,000 வெள்ளிவரை அபராதமும் ஐந்தாண்டுவரை சிறையும் விதிக்க இடமுண்டு. ஆனால் அது விற்றவருக்குத் தண்டனை தருமே தவிர, வாங்கியவரின் பணத்தைத் திருப்பித் தராது. எங்களைக் காப்பாற்றியது, வாங்கியவர் 'பெற்றுக்கொண்டேன்' என்று உறுதிசெய்யும்வரை பணத்தைத் தன்னிடமே வைத்திருக்கும் தளத்தின் ஏற்பாடு. அக்காள் மகள் அந்தப் பொத்தானை இன்னும் அழுத்தியிருக்கவில்லை. விற்றவர் தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் 8 வெள்ளி குறைப்பதாகச் சொன்னதை அவள் மறுத்திருந்தாள். அது அவளுடைய நல்ல புத்தி.

காணொளியையும், இரட்டைப் பசை தெரியும் மடிப்பின் படத்தையும், அசலும் போலியும் அருகருகே இருக்கும் பாதங்களின் படங்களையும் முறையீட்டுடன் இணைத்தோம். கியூஆர் குறி அசல் என்று வருகிறதே என்று விற்றவர் பதிலளித்தார். குறி பெட்டிக்குரியது, பை இரண்டாம் முறை ஒட்டப்பட்டது என்று நாங்கள் எழுதினோம். ஒன்பது நாட்களில் முழுப் பணமும் திரும்பி வந்தது. பொம்மையை விற்றவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது தளத்தின் வழக்கம்; அனுப்பினால் அது இன்னொரு காலிப் பெட்டிக்குள் போகும் என்று எழுதிக் கேட்டுக்கொண்டதால் விதிவிலக்கு அளித்தார்கள்.

கை கழன்ற அந்தப் பொம்மை இப்போது என் அலுவலக மேசையின் பூட்டிய இழுப்பறையில், பாதத்தில் அழியாத மையால் 'போலி' என்று எழுதப்பட்டு, ஒப்பீட்டுக்காக இருக்கிறது. பெட்டியை அக்காள் மகள் கத்தரிக்கோலால் வில்லையின் குறுக்கே இரண்டாக வெட்டிய பிறகே குப்பையில் போட்டாள்.